இனிப்பில் ஒரு ஷேடு குறைவு

என் அலுவலக மேசையின் மேல் இழுப்பறையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பாலி கவர் கிடக்கிறது. பனியன் துணியில் சிறு துண்டு வெட்டி வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது போட்டுக் கொடுக்கிற சாதாரணக் கவர்தான். திருப்பூரில் குனிந்த இடத்திலெல்லாம் கிடைக்கும். அதன் மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், ஸ்டிக்கரில் சிவப்பு மார்க்கரால் ‘பி’ என்று ஓர் ஆங்கில எழுத்து. அதற்குக் கீழே என் கையெழுத்தில், என் ஒப்பத்தோடு, ‘ஓகே ஃபார் பல்க்’. மாதிரி சரி, மொத்த உற்பத்தியைத் தொடங்கலாம் என்று அதற்கு அர்த்தம். உள்ளே துணி எதுவும் இல்லை. மூலையில் ஒரே ஓர் எள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் ஏற்றுமதி வாழ்க்கையில், மனசாட்சியோடு நாக்கும் சேர்ந்து உடன்பட்டு நான் ஒப்பமிட்ட ஒரே சரக்கு அதுதான்.

அதை அனுப்பியவர் என் சகலை. சகலை என்ற உறவைப் பற்றித் தமிழில் போதுமான அளவுக்கு எழுதப்படவில்லை என்பது என் நெடுநாள் குறை. அண்ணன் தம்பி என்றால் ரத்தம். நண்பர் என்றால் மனம். சகலை என்றால் ஒரே மாமனார். ஒரே பரீட்சையை வேறு வேறு வருடங்களில் எழுதிவிட்டு வந்த இரண்டு பேருக்குள் இருக்கும் பரிவும் போட்டியும் அந்த உறவில் உண்டு. அவர் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர், ஆகவே எனக்கு சீனியர். அவர் அப்படி நினைத்துக்கொண்டிருந்தார் என்பதைவிட, நானே அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் இன்றும் எனக்கு வருத்தம்.

இரண்டு பேரும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம். என் வேலை, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுவது. அதாவது, சரக்கு தாமதமாவதற்குப் புதுப்புதுக் காரணங்களைப் படைப்பது. இளமையில் சிறுகதை எழுதிப் பழகிய பழக்கமெல்லாம் அங்கேதான் காசானது. சகலையின் வேலை கௌரவமானது. அவர் ஷேடு பார்ப்பவர், அதாவது துணியின் நிறச்சாயலுக்குத் தீர்ப்புச் சொல்பவர். சாம்பல் நிற உட்சுவரும் பலவகை விளக்குகளும் கொண்ட, கதவில்லாத அலமாரி போன்ற ஒரு பெட்டி உண்டு. லைட் பாக்ஸ் என்பார்கள். சாயப்பட்டறையில் ஒரே தடவையாகச் சாயம் ஏறி வருகிற ஒவ்வொரு லாட் துணியும் அதற்குள், வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட மாதிரியின் பக்கத்தில் படுத்து, சகலையின் கண்ணில் பாஸாக வேண்டும். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மாதிரி நிற்பார். “ஒரு பொட்டு சேப்பு கூடிப்போச்சுங்க” என்றால் கூடித்தான் போயிருக்கும். அடக்கம் என்ற குணம் அவரிடம் அறவே கிடையாது. “எங்கண்ணுக்கு முன்னால பொய் சொல்ற கலரு இன்னும் பொறக்கலீங்க சகலை” என்று டீக்கடையிலும் சொல்வார், கல்யாண வீட்டிலும் சொல்வார்.

அந்தக் கண்ணுக்கு நிகராக அவரிடம் இன்னொன்று இருந்தது. இனிப்பின் மேல் தீராக் காதல். நான்கு மணிக்கு எங்கள் கம்பெனி முக்கில் இருக்கிற பேக்கரியில் அவர் நிற்கும்போது, டீ மாஸ்டர் சர்க்கரைக் கரண்டியைக் கணக்குப் பார்க்காமல் சாய்ப்பார். கூடவே ஒரு தேங்காய் பன். அதில் வெந்த தேங்காயும் சர்க்கரையும் பிதுங்கி வழியும் இடத்தைத் தேடி முதல் கடி கடிப்பார். சர்க்கரை நோய் வந்து பல வருடம் ஆகியிருந்தது. ஊட்டுக்கு விருந்தாக வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்ட ஒறம்பரையைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் அதைப் பற்றிப் பேசுவார். “அதுபாட்டுக்கு இருக்குதுங்க. மாத்திரை போடறேன். நான் அதைத் தொந்தரவு பண்றதில்ல, அதும் என்னையப் பண்றதில்ல.” நான் தலையாட்டியபடி என் பன்னைக் கடிப்பேன். அறிவுரை சொல்லும் யோக்கியதை உள்ளவன் கையில் பன் இருக்காது.

ஒறம்பரை தொந்தரவு பண்ண ஆரம்பித்தது ஒரு வெள்ளைத் துணியில். குழந்தைகளுக்கான பனியன் ஆர்டர், முழு வெள்ளை. லாட் வந்து லைட் பாக்ஸில் விரித்ததும், பக்கத்தில் மாதிரியை வைக்கும் முன்பே சகலை முகம் சுளித்தார். “வெள்ளை கேட்டா பால்கோவா அனுப்பியிருக்கறாரு பாருங்க.” சாயப்பட்டறை மாஸ்டருக்குப் போன் போட்டுக் கத்தினார். மாஸ்டர் பதறி ஓடி வந்து துணியைப் பார்த்தார், சகலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஏனுங்க, இது வெள்ளைதானுங்களே?” எனக்கும் வெள்ளையாகத்தான் தெரிந்தது, ஆனால் சகலை தர்மம் வாயை அடைத்தது. அளவெடுக்கும் மெஷினில் வைத்தார்கள். வெள்ளை என்றது. “மெஷினுக்குக் கண்ணு கெட்டுப்போச்சு” என்றார் சகலை. யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதி அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அடுத்த நாள் அவராகவே, “கண்ணாஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வரலாமுங்களா சகலை” என்றார்.

இரண்டு கண்ணிலும் புரை. டாக்டரம்மா எங்கள் பக்கத்து ஊர்க்காரர். நயமாகப் பேசுவார், ஆனால் இறங்கி வர மாட்டார். “ஆப்ரேசன் சின்னதுதானுங்க. ஆனா இத்தனை சக்கரைய வெச்சுக்கிட்டு நான் கண்ணுல கை வெக்க மாட்டேன். குறைச்சுட்டு வாங்க” என்றார். முதலாளியும் அதே நயத்தோடுதான் சொன்னார். “கண்ணு சரியாகட்டுங்க, பெட்டி உங்குளுதுதான். ஆனா அடுத்த சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள வந்துருங்க. அதுக்கு மேல அந்த எடத்தைச் சும்மா போட்டு வெக்க முடியாதுங்களே.” அதுவரைக்கும் பேக்கிங்கில் இருக்கச் சொன்னார். அட்டைப்பெட்டிகள் எல்லாம் ஒரே காவி நிறம். அங்கே ஷேடு பார்க்க ஒன்றுமே இல்லை. அவர் அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, அவருடைய பீற்றல் எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டுவிட மாட்டோமா என்றிருந்தது எனக்கு.

ஆனால் சகலைக்கு வருத்தம் நீண்ட நேரம் தங்காது. அதற்குள் ஏதாவது ஒரு திட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மறுநாளே வீட்டிலிருந்த சர்க்கரை டின்னை நாடு கடத்தினார். பேக்கரியை விட்டார். இனிப் பலகாரமெல்லாம் ஊட்டுலதான் என்று அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனால் திருவிழா மாதிரி இருக்கும். கடலை உருண்டை, ஒப்புட்டு, கச்சாயம். அத்தனையும் நாட்டுச் சர்க்கரையில். “வெள்ளைச் சக்கரை ஒரு பொடி கிடையாதுங்க. அத்தனையும் கெமிக்கல் இல்லாதது. பயமில்லாமச் சாப்பிடுங்க” என்று தட்டை நீட்டுவார். எங்கள் பக்கத்தில் நாட்டுச் சர்க்கரை என்பது சர்க்கரையில் சேர்த்தியில்லை. அது ஏதோ கீரை வகை என்பது மாதிரி ஒரு நம்பிக்கை எல்லோருக்கும் உண்டு. புத்தகம் படித்தவன் என்ற பெயர் எனக்கு உண்டு. நானும் அந்தக் கீரையை இரண்டு கையாலும் அள்ளித் தின்றேன். பயமில்லை என்றதால் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தின்றோம். டீயிலும் அதுவே, நிறம் நன்றாக வரவேண்டும் என்று ஒரு கரண்டி அதிகம்.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுறீங்க என்று கேட்டார். சகலை பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். கச்சாயத்தைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு குழைவுகூட வந்தது. டாக்டரம்மா முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “வெள்ளையில இருந்து மாநிறத்துக்கு வந்திருக்கறீங்க. அவ்வளவுதானுங்க. ரத்தத்துக்கு ஷேடு பாக்கத் தெரியாது.”

வாழ்நாள் முழுவதும் ஷேடு பார்த்த மனிதரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? திரும்பி வரும்போது பைக்கை நான்தான் ஓட்டினேன். பின்னால் சகலை. பேக்கரி முக்கு வந்தது. நிறுத்தவா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அப்போது என் தோளில் பளீரென்று ஓர் அடி விழுந்தது.

“சகலை! லேப் டிப் போடறோமுங்க!”

லேப் டிப் என்பது எங்கள் தொழிலில் தினப்படி நடக்கும் காரியம். ஒரு நிறத்தை மொத்தமாகச் சாயம் போடும் முன் ஏ, பி, சி என்று சிறு சிறு துண்டில் போட்டு அனுப்புவோம்; வாடிக்கையாளர், எங்கள் பாஷையில் பையர், ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, சாலையோரப் புளிய மரத்தடியில் நின்றுகொண்டு, கை இரண்டையும் வீசி சகலை தன் சித்தாந்தத்தை விளக்கினார். போகிற வருகிற கம்பெனி வேன்களில் இருந்தவர்கள், நாங்கள் சொத்துத் தகராறில் இருக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

“ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் துளி வித்தியாசம் இருந்தா கண்ணு மன்னிச்சுருமுங்க. அடுத்தது, அதுக்கடுத்ததுன்னு துளித்துளியா மாறிக்கிட்டே போனா ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான். மொத லாட்டையும் கடைசி லாட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான் குட்டு ஒடையும். சாயப்பட்டறைக்காரன் இத்தனை வருசமா என்கிட்டக் காட்டுன வேலைய நான் என்ற நாக்குகிட்டக் காட்டப் போறேன். சக்கரைய நிறுத்தப் போறதில்ல. ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு ஷேடு குறைக்கறோம். நாக்குக்கே தெரியக்கூடாது.”

“பாஸ் பண்றது யாருங்க?” என்றேன்.

“நீங்கதான் சகலை பையரு! உங்களை மாதிரித் தின்னிப்பண்டாரத்தை ஏமாத்திப்புட்டா உலகத்தையே ஏமாத்துன மாதிரி.”

என்னைப் பற்றி இவ்வளவு துல்லியமான மதிப்புரை அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

அடுத்த வாரமே அந்தச் சமையலறை லேபாக மாறியது. துணியின் எடை பார்க்கிற சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று அவரிடம் பழையது இருந்தது. அதில் வெல்லம் ஏறியது. வறுத்த எள், வறுத்த நிலக்கடலை, வறுத்துத் திரித்த பச்சைப்பயறு, ஏலக்காய், கொஞ்சம் வெல்லம். கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிய உருண்டை. பெரிதாகப் பிடித்தால் பல்க்கில் வித்தியாசம் வரும் என்று உருட்டிய ஒவ்வொன்றையும் நிறுத்தார். எடை கூடின உருண்டையிலிருந்து கிள்ளியெடுத்ததை அவரே வாயில் போட்டுக்கொள்வதை அக்கா, அதாவது அவர் மனைவி, பார்த்துவிட்டார். “ஏனுங்க, கழிவுத்துணிய நீங்களே தின்னா எப்பிடிக் குறையும்?” அன்றிலிருந்து கழிவு எனக்கு வந்தது.

மாதிரிகள் பாலி கவரில், ஸ்டிக்கரோடு, பேக்கிங் செக்‌ஷனிலிருந்து என் மேசைக்கு வரும். ஏ, பி, சி. ஒன்றில் எள் தூக்கல், ஒன்றில் கடலை, ஒன்றில் சுக்கு. நான் கண்ணை மூடி மென்று, தண்ணீர் குடித்து, அடுத்ததை மென்று, வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் எங்களுக்கு எழுதுகிற அதே ஆணவத்தோடு குறிப்பு எழுதி அனுப்புவேன். ‘வறுப்பு போதவில்லை, மறுபடி அனுப்பவும்.’ ‘பல்லில் ஒட்டுகிறது, கவனிக்கவும்.’ எத்தனையோ வருடம் பிறர் எழுதியதைப் படித்துக் கூனிக்குறுகியவனுக்கு, தானே ஒரு பையராக இருப்பது எப்பேர்ப்பட்ட இன்பம்! கடைசியில் ஒரு ‘பி’க்கு ‘ஓகே ஃபார் பல்க்’ என்று ஒப்பமிட்டேன். இனிப்பைப் பற்றி மட்டும் நான் ஒருமுறைகூட எழுதவில்லை. சரியாகத்தான் இருந்தது எனக்கு. அடுத்த லாட்டும் சரியாகத்தான் இருந்தது. டீயும் அதே வழியில் ஷேடு இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் தட்டைப்பயறு சுண்டல், முருங்கைக்கீரை போட்ட ராகி அடை என்று வரிசையாக வந்தன. மாத்திரையும் நிற்கவில்லை, காலையில் நடையும் சேர்ந்தது. நடக்கும்போதும் அடுத்த மாதிரியைப் பற்றித்தான் பேச்சு. வாழ்க்கையில் முதல்முறையாக நான் திங்கட்கிழமைகளை ஆவலோடு எதிர்பார்த்தேன்.

சித்தாந்தம் பலித்ததா என்று தெரிந்தது பீகார்க்காரர் ஒருவரால். பேக்கிங்கில் வேலை பார்க்கிற நல்ல மீசைக்காரர். சகலையின் உருண்டைகளுக்கு முதல் ரசிகர். ஊரில் பண்டிகை என்று லீவு எடுத்துக்கொண்டு போய்விட்டு ஒரு மாதம் கழித்து வந்தார். வந்ததும் வராததுமாக சகலையின் தூக்குப்போசியைத் திறந்து ஓர் உருண்டையை வாயில் போட்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். சுற்றி நின்றவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

“மாஸ்டர்ஜி, லட்டுல சீனி போட மறந்தாச்சா?”

நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் மறுத்தோம். நல்லாத்தானே இனிக்குது என்றோம். அவர் எங்களை, ஏமாளிக் கூட்டத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவர் நாக்கில் இருந்தது பழைய லாட். கையில் இருந்தது புதிய லாட். நடுவில் வந்த படிகள் எதிலும் அவர் கால் வைக்கவில்லை. விஷயம் விளங்கியதும் சகலை அட்டைப்பெட்டி அடுக்கின் பின்னாலிருந்து துள்ளி வந்து அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். “குட்டு ஒடஞ்சுதுங்க சகலை! குட்டு ஒடஞ்சுது!” மீசைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை; ஊரில்கூடத் தனக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னாராம்.

பரிசோதனைக் காகிதம் வந்த அன்று அக்காவும் சேர்ந்து மூன்று பேராக டாக்டரம்மாவிடம் போனோம். சர்க்கரை இறங்கியிருந்தது; ஆப்ரேசனுக்குத் தேதி கொடுக்கும் அளவுக்கே இறங்கியிருந்தது. சகலை நாற்காலியின் நுனிக்கு வந்து, டாக்டரம்மாவுக்கு லாட்டு, ஷேடு, லேப் டிப் என்று சகலத்தையும் விளக்கினார். தான் திட்டமிட்டதற்கும் மேலேயே குறைந்திருப்பதற்குத் தன் தராசின் துல்லியமே காரணம் என்றார். அப்போதுதான் அக்கா தன் பையிலிருந்து ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தார். கழுத்துவரை வெல்லத்தூள்.

“இவரு நிறுத்து வெச்சுப்போட்டு டிவி பாக்கப் போயிருவாருங்க. நான் அதுல ஒரு கை எடுத்து இதுல போட்டுருவேன். ஒவ்வொருக்காவும்.”

சகலை அந்தப் பாட்டிலையே பார்த்தார். கண்ணுக்கு மட்டுமல்ல, நாக்குக்கும் தெரியாமல் தன் வீட்டிலேயே ஒரு சாயப்பட்டறை நடந்திருக்கிறது. “ஏனம்மிணி, என்கிட்டயே ஷேடு மாத்திப்போட்டயே” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமை, லைட் பாக்ஸ் முன்னால்கூட நான் பார்த்ததில்லை. டாக்டரம்மா சிரித்து அடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “உங்க கண்ணும் இதே வேலையத்தானுங்க உங்ககிட்டக் காட்டியிருக்குது. லென்ஸு ஒரே நாள்ல மஞ்சளாகறதில்ல. துளித்துளியா ஆகியிருக்கும். பக்கத்துல வெச்சுப் பாக்க உங்குளுக்குப் பழைய கண்ணு இல்ல.”

 

ஒரு கண்ணுக்கு ஆப்ரேசன் முடிந்து மறுநாள் காலை கட்டைப் பிரித்தபோது நான் எதிரில் நின்றேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். அதுவும் துவைத்துத் துவைத்து நைந்தது. சகலை என்னைப் பார்த்தார். கையால் ஒரு கண்ணை மறைத்தார், எடுத்தார், மறு கண்ணை மறைத்தார். இப்படியே மாற்றி மாற்றி. தலை அந்தப் பக்கம் சாய்ந்தது, இந்தப் பக்கம் சாய்ந்தது. கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. புதுக் கண்ணும் பழைய கண்ணும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே முகத்தில்.

“சகலை… வெள்ளைன்னா இவ்வளவு வெள்ளைங்களா?”

பிறகு என் போனை வாங்கி, சாயப்பட்டறை மாஸ்டரைக் கூப்பிட்டார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. “மாஸ்டர், அந்தக் கொழந்தைக பனியன் லாட்டு வெள்ளைதானுங்க. சுத்த வெள்ளைங்க. பால்கோவா எங்கண்ணுக்குள்ள இருந்துருக்குது.” அந்தப் பக்கம் மாஸ்டர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. சகலை நெடுநேரம் சிரித்தார். டாக்டரம்மா வந்து, கண்ணில் தண்ணீர் வரும்படி சிரிக்கக் கூடாது என்று அதட்டும்வரை சிரித்தார்.

சீசன் தொடங்கும்போது லைட் பாக்ஸ் முன்னால் அவர் நின்றார். இன்றும் நிற்கிறார், இரண்டாவது கண்ணும் புதிது, பீற்றலும் புதிது. பேக்கரிப் பக்கம் போனால் டீ மாஸ்டர் கேட்காமலே சர்க்கரையில்லாத டீயை நீட்டுகிறார். தேங்காய் பன்னை அவர் பார்ப்பார், பழைய முதலாளியைத் தெருவில் கண்டவர் மாதிரி மரியாதையாகத் தலையசைத்துவிட்டு வந்துவிடுவார். நானும் அப்படித் தலையசைத்துவிட்டு வர வேண்டிய ஒரு நாள் வரும் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. அவருடைய உருண்டைகளுக்கு ஒப்பமிட்டு முடித்ததும் நான் மட்டும் நேராகப் பழைய பன்னுக்கே திரும்பியிருந்தேன். பையர் வேறு, நுகர்வோர் வேறு என்பது என் வாதம்.

போன மாதம் கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தம் பார்த்தார்கள். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். மெயில் எழுதிப் பிழைப்பவன் எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை என்பதற்கு ஆயிரம் விளக்கம் எழுத முடியும். ஆனால் வீட்டில் என் மனைவி அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, வாணலியை அடுப்பில் வைத்து, எள் டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போய்விட்டாள். முதல் ஈடு எள் கருகியது. இரண்டாவது ஈடு உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தது. அதைக் கரண்டியால் தின்றேன். மூன்றாவது ஈட்டில், கோணல் மாணலாக இருந்தாலும், உருண்டை என்று வாதாடக்கூடிய ஒன்று உருவானது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதல் சிறுகதை அச்சில் வந்தபோதுகூட நான் இப்படி அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடக்கவில்லை.

நேற்றுக் காலை அதைப் புதுப் பாலி கவரில் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, சிவப்பு மார்க்கரில் ‘ஏ’ என்று எழுதி லைட் பாக்ஸுக்கு அனுப்பினேன். நான்கு மணிக்கு முன்பே கவர் திரும்பி வந்துவிட்டது. உருண்டையில் பாதி இல்லை. ஸ்டிக்கரில் சகலையின் கோழிக்கிறுக்கல்: ‘ரிஜெக்ட். இனிப்பு ஒரு ஷேடு டார்க். சகலைன்னு பாக்க முடியாதுங்க. மறுபடி அனுப்பவும்.’

மீதிப் பாதியை நான் தின்றேன். அந்தக் கவரை இழுப்பறையில், ஒற்றை எள் ஒட்டிய பழைய ‘பி’யின் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் நான் போட்ட ஓகே, ஒன்றில் அவர் போட்ட ரிஜெக்ட். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர் நாக்கு எத்தனை ஷேடு இறங்கிப் போயிருக்கிறது, என் நாக்கு எங்கே நின்றுவிட்டது என்ற குட்டு உடைந்துவிடுகிறது. இன்று சாயங்காலம் கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.